அப்பத்தாவின் ஓட்டு

வணக்கம் ஐயா,

என் ஆச்சிக்கு 88 வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரே சின்னத்துக்குத்தான் போடுகிறார். வேட்பாளர் பெயர்கூடத் தெரியாது. எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாம் வெளியூரில் இருக்கிறோம். தேர்தலன்று வரிசையில் நிற்பவர்கள் பாதிக்குமேல் வயதானவர்கள். ஜப்பான் மாதிரி நம் ஊரிலும் கிழவர்கள்தான் ஆட்சியை முடிவு செய்வார்களா? 75 வயதுக்குமேல் ஓட்டு எதற்கு? 2024 தேர்தலில் ஆச்சியிடம் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கினார்கள். கை நடுங்கியதால் நான்தான் குறித்துக் கொடுத்தேன். அவர் சொன்ன சின்னத்துக்கு இல்லை, எனக்கு நல்லவர் என்று பட்டவருக்கு. ஆச்சிக்கு இது தெரியாது.

ஆர்., பெங்களூர்

*

அன்புள்ள ஆர்.,

ஜப்பானை முதலில் முடித்துவிடுவோம். அங்கே நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தொட்டவர்கள். 2016இல் ஓட்டுப் போடும் வயதை 18 ஆகக் குறைத்தும் பார்த்தார்கள். 2021 பொதுத்தேர்தலில் அறுபதுகளில் இருப்பவர்கள் 71 சதவீதம் ஓட்டுப் போட்டார்கள், இருபதுகளில் இருப்பவர்கள் 36 சதவீதம்தான். பெரியவர்கள் யாரையும் வாசலில் மறிக்கவில்லை. பிள்ளைகள் போகவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரிலும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 2021 கணக்கில் தமிழ்நாட்டில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், கேரளத்துக்கு அடுத்த இடம். ஆனால் அவர்கள்தான் ஆட்டிப்படைக்கிறார்கள் என்றால், முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு ஏன் 2007 முதல் 200 ரூபாயிலேயே நிற்கிறது? மாநில அரசு மேலே போட்டுத்தான் 2023இல் 1,200 ரூபாய் ஆனது. 200 ரூபாய்க்கு மாதம் முழுக்க நீங்கள் எதை வாங்குவீர்கள்?

75 வயது வரம்பு பற்றி நான் பேசப்போவதில்லை. ஏதோ எரிச்சலில் எழுதிவிட்டீர்கள் என்று விட்டுவிடுகிறேன். என்னால் விட முடியாதது உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிகள்.

என் அப்பத்தா சிவகங்கைப் பக்கம். 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் அவரைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான், பள்ளிக்கூடப் பையன். எம்.ஜி.ஆர். இறந்து கட்சி இரண்டாக உடைந்து, இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சித்தப்பா ஒரு வாரமாகப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்பத்தா சாவடியிலிருந்து வெளியே வந்து வீடு வரைக்கும் வாய் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "இலையக் காணோம்டா. எதுல குத்தச் சொல்ற?" என்றார். சீட்டை வெறுமனே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஏன் அந்த இலை என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. நான் கேட்டது பத்து வருஷம் கழித்து. தாத்தா செத்தபிறகு அப்பத்தா மூன்று வருஷம் கொழுந்தன் வீட்டில் பாத்திரம் கழுவிச் சாப்பிட்டவர். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு தனியாகச் சந்தைக்குப் போய் ஒரு வெண்கலக் கும்பா வாங்கினார். அந்தக் கும்பாவை எடுத்துவந்து என்னிடம் காட்டினார். அடியில் அவர் பெயர் வெட்டியிருந்தது, தாத்தா பெயர் இல்லை. இதைப் போய் மூடத்தனமான விசுவாசம் என்று சொல்வீர்களா?

அப்புறம் 2004. கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது. துணைக்குச் சித்தப்பா போனார். திரும்பி வந்ததும் அப்பத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இலை மேல இருந்து எத்தனையாவதுடா?" என்று கேட்டார். சொன்னேன். "நான் அவன் மணிக்கட்டப் பிடிச்சிருந்தேன். அவன் கை அதுக்கும் கீழ போச்சு" என்றார். எனக்கு விஷயம் தெரியும், சித்தப்பா முந்தின நாளே சொல்லியிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். 2006 தேர்தலுக்கு அழைத்தபோது அப்பத்தா வரவில்லை. "அதான் நீங்களே போட்டுக்கிறீங்களே" என்றார். அதன்பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடாமலேயே போய்ச் சேர்ந்தார்.

துணைக்குப் போகிறவருக்குச் சட்டம் இருக்கிறது, ஆர். 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு நாளில் ஒருவருக்கு மட்டும்தான் துணையாகப் போகலாம், ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஓட்டுக்கு உரியவர் சொல்கிற இடத்தில் குறிப்பது மட்டும்தான் துணையின் வேலை. நீங்கள் செய்தது திருட்டு. வேட்பாளர் தங்கமானவராகவே இருக்கட்டும், திருட்டுத்தான். கள்ள ஓட்டுப் போடுகிறவன்கூட யாரோ ஒருவர் பெயரில் போடுகிறான். நீங்கள் உங்களை நம்பிப் பேனாவைக் கொடுத்த கையிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

முதல் பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலில் இல்லாமல் போனது. பெரும்பாலும் வடமாநிலங்களில். இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று சொன்னார்களே தவிரத் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அந்தப் பதிவுகளை ஏற்க மறுத்துவிட்டார். எவ்வளவு பேர் திட்டியிருப்பார்கள்! ஆனால் அவர் பிடிவாதமாக நின்றதில்தான் உங்கள் ஆச்சிக்கும் என் அப்பத்தாவுக்கும் இடம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று அவர் எழுதவில்லை.

உங்கள் ஆச்சிமேல் உங்களுக்குப் பாசம் இல்லாமல் இருக்காது. கை நடுங்குவதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, செய்ததைச் சொல்லிவிடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சின்னம் ஏன் என்று கேளுங்கள், சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீர்கள். 85 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட விண்ணப்பிக்கும் 12டி படிவத்தோடு அதிகாரி அடுத்த தேர்தலுக்கு வீட்டுக்கு வருவார். அதைக் கொடுத்துவிட்டால் பிறகு சாவடிக்குப் போய்ப் போட முடியாது. அதனால் வீட்டிலா, சாவடியிலா என்பதையும் ஆச்சியே சொல்லட்டும். சாவடிக்கு என்றால் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போங்கள்.