மலை ஓட்டத்துக்கு 'தேர்வுக் கட்டணம்' என்று ஒன்று கிடையாது

கேள்வி: எனக்கு 51 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. ஆறு வருடமாக அதிகாலையில் மணிமுத்தாறு அணைச் சாலையில் ஓடி வருகிறேன். சென்ற மாதம் ஒரு மலை ஓட்டத்தில் என் வயதுப் பிரிவில் முதலிடம் கிடைத்தது. பத்து நாள் கழித்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஐரோப்பாவில் நடக்கும் மூத்தோர் உலக மலை ஓட்டத்துக்கு இந்திய அணியில் நான் தேர்வாகிவிட்டேன் என்றும், இரண்டு வாரத்துக்குள் ரூ. 2,40,000 கட்ட வேண்டும் என்றும் சொன்னார். தேர்வுக் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. வளையலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இது உண்மையான தேர்வுதானா? போய் ஓடினால் நாட்டுக்காக ஓடினேன் என்று சொல்லிக்கொள்ளலாமா? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அது தடையாகுமா?

பதில்: வளையலைக் கழற்றாதீர்கள், டீச்சர். உங்களுக்கு வந்திருப்பது தேர்வுக் கடிதமே அன்று. மூத்தோர் உலக மலை ஓட்டம், தேர்வாகி வருகிறவர்களுக்கு மட்டும் நடத்தப்படும் போட்டி இல்லை. 35 வயது நிறைந்த ஆண், பெண் எவரும் தாமே பெயர் கொடுத்து ஓடலாம். ஐந்து ஐந்து வயதாகப் பிரித்திருப்பார்கள். நீங்கள் 50–54 பிரிவில் வருவீர்கள். உலக மலை ஓட்டச் சங்கம் இதை ஆண்டுதோறும் ஒரு நாட்டில் நடத்துகிறது. 2022-இல் அயர்லாந்தில் குளோன்மெல் என்ற ஊரில் நடந்தது. பெயர்ப் பதிவு, கட்டணம், பாதை வரைபடம் எல்லாம் அந்தந்த ஆண்டுப் போட்டியின் இணையப் பக்கத்திலேயே இருக்கும். யாரும் உங்களைத் தேர்வு செய்ய வேண்டியதில்லாத இடத்தில் தேர்வுக் கட்டணம் எங்கிருந்து வந்தது?

இந்த வியாபாரம் நடப்பதற்குக் காரணம், பெயர்கள் ஒன்று போலவே இருப்பதுதான். இளைஞர்கள் ஓடும் உலக மலை ஓட்டம் தனி. அதற்கு இந்தியத் தடகள சம்மேளனம்தான் ஆள் அனுப்ப வேண்டும். அங்கே தேர்வு உண்டு. மைதானத்தில் நடக்கும் மூத்தோர் உலகத் தடகளமும் தனி. அதற்கு நீங்கள் பெயர் கொடுத்தாலும், உலக மூத்தோர் தடகள அமைப்பு அங்கீகரித்த நம் நாட்டுச் சங்கம் ஒப்புதல் தர வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒரே சங்கத்தைத்தான் அந்த அமைப்பு சேர்த்துக்கொள்ளும். மூத்தோர் மலை ஓட்டமோ நேரடிப் பதிவு. உங்களை அழைத்த தரகர் இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி உங்கள் வாசலில் இறக்குகிறார்.

'நாட்டுக்காக ஓடினேன்' என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம். ஓடுபவர் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இந்தியா என்றுதான் இருக்கும். 'இந்திய அணிக்குத் தேர்வானேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அது நடக்கவில்லை. 51 வயதில் மலையேறி ஓடிவிட்டு வருகிறவருக்கு முதல் வாக்கியமே போதும்.

நான் பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மூத்தோர் வீரர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். சில வருடங்களுக்கு முன் களக்காட்டிலிருந்து ஒரு வாழை விவசாயி வந்தார், 62 வயது. ஒரு கழகத்தின் மூலம் வெளிநாடு போய் 'உலகப் போட்டியில்' வெள்ளி வென்று திரும்பியிருந்தார். ஊரில் ஃபிளெக்ஸ் வைத்து, மாலை போட்டு, பள்ளிக்கூடத்தில் பேச வைத்திருந்தார்கள். அடுத்த வருடமும் போக வேண்டும், விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தாருங்கள் என்று பதக்கத்தோடு வந்தார். முன்பக்கம் பூமி உருண்டை, மூவர்ண நாடா. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு வில்லையை ஒட்டி அதன் மேல் போட்டியின் பெயரை அச்சடித்திருந்தார்கள். வில்லையின் ஓரம் உரிந்திருந்தது. நகத்தால் கொஞ்சம் தூக்கினேன். கீழே வேறொரு பெயர் இருந்தது. அங்கே ஒரு சிறிய ஊரில் நடந்த குடும்ப ஓட்டம், குழந்தைகளும் ஓடுவது. அவருடைய வயதுப் பிரிவில் ஓடியவர்கள் இரண்டே பேர். இருவரும் ஒரே விமானத்தில் போனவர்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. வில்லையைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டினார். அந்தக் கைகளை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் ஓடியது உண்மை, வியர்த்தது உண்மை. அதன் மேல் பொய்யை ஒட்டிக் கொடுத்தவர்களை என்னால் மன்னிக்க முடியாது.

அதனால் எந்தப் போட்டி என்று யார் சொன்னாலும், சென்ற ஆண்டு முடிவுப் பட்டியலைக் கேளுங்கள். உங்கள் வயதுப் பிரிவில் எத்தனை பேர், எத்தனை நாட்டவர் ஓடினார்கள் என்று எண்ணுங்கள். உண்மையான போட்டி என்றால் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். 'அதெல்லாம் அங்கே போனால் தருவார்கள்' என்றால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்பில் அசோகச் சிங்க முத்திரை இருக்கிறது. தனியார் சங்கம் எதுவும் அந்தச் சின்னத்தைத் தன் கடிதத்தாளில் போடக்கூடாது. அதைத் தடுக்க 2005-இல் சட்டமே வந்துவிட்டது, இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கீழே 'அரசுப் பதிவு பெற்றது' என்று ஒரு எண். அது சங்கப் பதிவு எண். ஏழு பேர் சேர்ந்து மனமகிழ் மன்றம் தொடங்கினாலும் பதிவாளர் அலுவலகத்தில் அப்படி ஒரு எண் தருவார்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. பணம் அனுப்பச் சொன்ன எண்ணோ ஒரு தனி நபரின் கைபேசி எண், சங்கத்தின் வங்கிக் கணக்கு அன்று. முன்பணம் ஏதாவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். நாள் தள்ளத் தள்ளப் பணம் கை மாறிப் போய்விடும்.

இனி நீங்களே போவது எப்படி என்று பார்ப்போம். நுழைவுக் கட்டணத்தை யூரோவில் கார்டு மூலம் கட்ட வேண்டியிருக்கும். 'நம்ம ஊர் கார்டில் அது முடியாது' என்பது தரகர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை. பெரும்பாலும் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் கார்டில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். வங்கிச் செயலியிலோ கிளையிலோ அதைத் திறந்துவிட்டுக் கட்டுங்கள், கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள்.

பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் கொடுங்கள். நமக்கு இன்ஷியல்தான் பெரிய வில்லங்கம். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். விசாவில் ஒன்று, விமான டிக்கெட்டில் ஒன்று, ஓடும்போது நெஞ்சில் குத்தும் எண் அட்டையில் ஒன்று என்று இருந்தால் ஒவ்வொரு மேசையிலும் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிறந்த தேதிக்கும் பாஸ்போர்ட்தான் கணக்கு. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறு காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு என்று சேர்த்த தலைமுறை நாம். ஆசிரியர் மனம்போல எழுதிய தேதியோடுதான் பாதிப்பேர் வாழ்கிறோம். 'உண்மையில் எனக்கு 55 ஆகிவிட்டது, அடுத்த பிரிவில் ஓட விடுங்கள்' என்று அங்கே வாதாட முடியாது.

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் ஒன்றில் போட்டி என்றால், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் வாங்கமாட்டார்கள். அந்தக் கடைசி எல்லை வரை காத்திருக்காமல் மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கைரேகை வைக்க விசா மையத்துக்கு நேரில் போக வேண்டும், அதை எந்தத் தரகரும் உங்களுக்காகச் செய்ய முடியாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கி இருப்பை உள்ளபடி காட்டுங்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் யாரோ லட்ச ரூபாய் போட்டு எடுத்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டவே வேண்டாம்.

விசாவைவிட எனக்குப் பயம் தருவது உங்கள் துறையின் தடையின்மைச் சான்று. அரசு ஊழியர் வெளிநாடு போக முன் அனுமதி வேண்டும். தலைமை ஆசிரியர் கையெழுத்துக்குப் பிறகு அந்தக் கோப்பு ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து எழுந்து போகும். ஒரு மேசையில் 'போட்டியின் அழைப்புக் கடிதம் இல்லை' என்பார்கள். அடுத்த மேசையில் அதே கடிதத்தைக் காட்டினால் 'இது அரசு அங்கீகாரம் பெற்ற போட்டியா?' என்று திருப்புவார்கள். சொந்தக் காசில், சொந்த விடுப்பில், நாட்டின் பெயரைத் தாங்கி ஓடப் போகிற ஒரு பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லக்கூட வேண்டாம், தாளை நகர்த்தினால் போதாதா? மூன்று கடிதம் எழுதி அலுத்துப்போன பிறகுதான் பலர் 'எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் தரகரிடம் போய் விழுகிறார்கள். அலுவலகங்கள் ஒழுங்காக இருந்தால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இருக்காது. நீங்கள் ஒன்று செய்யுங்கள்: விளையாட்டு என்று எழுதாமல் 'சொந்தப் பயணம்' என்று எழுதிக் கேளுங்கள். பெயர்ப் பதிவு முடிந்த அன்றே மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளில் பாதை ஏற்றம் மட்டும் இருக்கும், சில ஆண்டுகளில் ஏறி இறங்க வேண்டும். இறக்கம் உள்ள பாதை என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு மூச்சுக்கு முன்னால் தொடைதான் கைவிடும். ஏறும்போது சுருங்கி வேலை செய்யும் முன்தொடைத் தசை, இறங்கும்போது நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். பழகாத தசை இரண்டு நாள் கழித்துப் படியிறங்க விடாது. வாரம் ஒரு நாள் இறக்கத்தில் மெதுவாக, சிறு எட்டு வைத்து ஓடிப் பழகுங்கள். அதற்காகப் பாபநாசம் சோதனைச் சாவடியைத் தாண்டியோ மாஞ்சோலைப் பாதையிலோ விடியுமுன் ஓடிவிடாதீர்கள். அது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே ஓடுவது குற்றம், கரடி உள்ள காடும்கூட.

இனி மாத்திரை. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரத்த அழுத்த மாத்திரைகளுக்குத் தடை இல்லை. டெல்மிசார்ட்டான் தனியாக இருந்தால் தடை இல்லை, அம்லோடிபின் தடை இல்லை. சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினுக்கும் தடை இல்லை. ஆனால் டெல்மிசார்ட்டானோடு ஹைட்ரோகுளோரோதயாசைட் சேர்ந்த மாத்திரை நம் ஊரில் மிகச் சாதாரணமாக எழுதித் தரப்படுகிறது. அது சிறுநீர் பெருக்கி. சிறுநீர் பெருக்கிகள் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில், போட்டி நாளில் மட்டும் அல்லாமல் எல்லா நாளும் தடை செய்யப்பட்டவை. அவை வேகத்தைக் கூட்டுவதில்லை, சிறுநீரை நீர்க்கச் செய்து வேறு மருந்தை மறைத்துவிடும் என்பதுதான் காரணம். குளோர்தாலிடோன் சேர்ந்த மாத்திரையும் இதே கணக்குதான். 'டாக்டர் எழுதித் தந்தார், எனக்குத் தெரியாது' என்பதைச் சோதனையில் ஏற்கமாட்டார்கள். உடலில் இருந்தால் பொறுப்பு உங்களுடையது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளிக் காகிதத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் நிறுவனம் வைத்தது. அதன் பின்னால் 'எச்' என்ற ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இந்தச் சேர்க்கைதான். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயரும் 12.5 மில்லிகிராம் என்ற அளவும் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வரியைப் படியுங்கள். முடியாவிட்டால் மருந்துக்கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அழுத்தம் ஏறிய உடம்போடு மலை ஏறுவது தடையைவிட ஆபத்து. மருத்துவரிடம் போட்டியைச் சொல்லி, சிறுநீர் பெருக்கி இல்லாத வேறு மருந்து ஒத்துவருமா என்று கேளுங்கள். ஒத்துவராது என்று அவர் சொன்னால், சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. அதற்கு மருத்துவ ஆவணங்கள் வேண்டும், ஏன் வேறு மருந்து கூடாது என்று அவர் எழுதித் தர வேண்டும். முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு ஊசி எந்த இடத்தில் போட்டாலும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. மாற்று மருந்துக்கு உடம்பு பழகவும் ஓடிப் பார்க்கவும் சில வாரம் பிடிக்கும். அதனால் பெயர்ப் பதிவுக்கு முன்பே, இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்த அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.