சேற்றுக்குள் யார்? – வாசகர் கேள்வி பதில்

(‘கடலடி வளைக்குள் வாழும் இறாலில் ஒரு புதிய பேரினம்’ என்று போன இதழில் ஒரு துணுக்கு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கு, சென்னைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பேராசிரியை பதிலளிக்கிறார். இறால், நண்டு வகைப்பாடு இவருடைய துறை.)

புது இனம் என்றால் புரிகிறது. புதுப் பேரினம் என்றால் என்ன? யார் அதைத் தீர்மானிப்பது? கடலில் ‘நான் புதுப் பேரினம்’ என்று எழுதி ஒட்டியா இருக்கிறது?
– இல்லத்தரசி, திருவான்மியூர்

எழுதி ஒட்டியிருந்தால் எனக்கு வேலையே கிடைத்திருக்காது அம்மா. கேள்வி என்னவோ சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. நீங்கள் ‘இனம்’ என்கிற சிற்றினத்துக்காவது கடலில் ஓர் ஆதாரம் இருக்கிறது. தங்களுக்குள் இணைசேர்ந்து வம்சம் வளர்க்கிற கூட்டம் அது. பேரினத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. எந்தச் சிற்றினங்களைச் சேர்த்து வைப்பது, எதைத் தனியே வைப்பது என்று நாம் யோசித்துப் போடுகிற வேலி. கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து தனி ரேஷன் கார்டு கேட்டால், “தனி அடுப்பு இருக்கிறதா, காட்டுங்கள்” என்பார்களே, அதைத்தான் இங்கேயும் கேட்கிறோம்.

வளை இறாலில் எதையெல்லாம் காட்டச் சொல்வோம்? முதலில் கண். இருட்டில் வாழ்வதால் பலவற்றில் கண்காம்பு தட்டையாகிப்போயிருக்கும். அதன் நுனி கூரா மழுங்கலா, கரும்புள்ளி எந்த இடத்தில் என்று பார்ப்போம். பிறகு வாய்க்கு முன்னால் இருக்கும் மூன்றாவது தாடைக்கால். சிலவற்றில் இது நடக்கும் கால் போல ஒல்லி, சிலவற்றில் வாயையே மூடிவிடும் அகலம். பெரிய கொடுக்கின் நடுக்கணுவில் கொக்கி உண்டா, ஆணின் முதல் இரண்டு வயிற்றுக்கால்கள் எப்படி, வால் விசிறியின் நடுத்தகடு நீளம் அதிகமா அகலம் அதிகமா, இப்படிப் போகும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் புதுச் சிற்றினம், அவ்வளவே. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து உறுப்புகள் சேர்ந்து மாறியிருந்தால், அந்தச் சேர்க்கை தெரிந்த எந்தப் பேரினத்திலும் இல்லையென்றால்தான் பேச்சே ஆரம்பம். ‘தெரிந்த எந்தப் பேரினத்திலும்’ என்று மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டேன். அதற்காக அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு பேரினத்தின் மூல விவரிப்பையும் படித்தாக வேண்டும். பிரெஞ்சில் இருக்கும், ஜெர்மனில் இருக்கும், 1890-களின் படங்களில் முக்கியமான கால் மட்டும் வரையாமல் விட்டிருப்பார்கள்.

தீர்மானிப்பதற்கு எந்த ஆணையமும் இல்லை. பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு பெயரை மட்டுமே கவனிக்கும். 1930-க்குப் பிறகு வந்த எந்தப் பேரினத்துக்கும் ‘மாதிரிச் சிற்றினம்’ ஒன்றை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் சிற்றினத்தை, குறிப்பிட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. ஒரே ஒரு சிற்றினத்தோடு பேரினம் நிற்கலாம், தப்பில்லை. பிரித்தது நியாயமா என்பதை அடுத்து வருகிற ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்வார்கள், அல்லது மறுபடி பழைய பேரினத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ரொம்ப நாள் கலியனாசா என்ற ஒரே பேரினத்தில் கண்டதையெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். 1991-ல் மேனிங்கும் ஃபெல்டரும் அமெரிக்க வகைகளைப் பிரித்து அடுக்கினார்கள். 2019-ல் ஆஸ்திரேலியாவின் கேரி பூரும் கூட்டாளிகளும் டி.என்.ஏ.வையும் உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்து மொத்தக் குடும்பத்தையும் மாற்றி அமைத்தார்கள். என் கட்சி என்ன என்று கேட்டால், ஒரே ஒரு மாதிரியை, அதுவும் கொடுக்கு இல்லாததை வைத்துக்கொண்டு பேரினம் படைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

எங்கள் பக்கம் கழிமுகச் சேற்றில், தண்ணீர் வற்றினால் சின்னச் சின்ன மண்குன்றுகள் தெரிகின்றன. உச்சியில் ஒரு ஓட்டை. நண்டு வேலையா?
– வாசகர், எண்ணூர்

நேரில் பார்க்காமல் சொல்கிறேன். ஓட்டை பெரிதாக இருந்து, சுற்றிலும் மண் உருண்டைகளும் கால்தடமும் இருந்தால் நண்டு. பென்சில் நுழையும் அளவு ஓட்டையும், அதைச் சுற்றி வழவழப்பாகச் சரிந்த கூம்பும் இருந்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் கலங்கிய தண்ணீர் வெளியே கொப்புளித்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் வளை இறால். இறால் என்கிறோமே தவிர, சொந்தம் பார்த்தால் சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும்தான் பக்கம்.

உடம்பு வெளிறி, மெத்தென்று இருக்கும். வயிற்றுத் தோல் வழியாக உள்ளே இருக்கும் செரிமானச் சுரப்பியும், பெண்ணாக இருந்தால் முட்டைப்பையும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரியும். ஓடு கெட்டியாக இருப்பது கொடுக்கில் மட்டும். அதிலும் ஆணுக்கு ஒரு கொடுக்கு பெரிது, மற்றது சிறிது. வலதா இடதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலது மண்ணை விழுங்கிச் சலித்துச் சாப்பிடும். சிலது வயிற்றுக்கால்களைத் துடுப்பாக அடித்துத் தண்ணீரை வளைக்குள் ஓடவிட்டு, அதில் வருவதை வடிகட்டும். குன்று கட்டுவது முதல் ரகம், கழித்த மண்ணை வெளியே தள்ளியாக வேண்டுமே.

வளை எவ்வளவு ஆழம் போகும் என்பதுதான் எங்களுக்குத் தலைவலி. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஆக்ஸியஸ் செராடஸ் என்ற வகை மூன்று மீட்டருக்கும் கீழே தோண்டியிருப்பதை 1976-ல் பதிவு செய்தார்கள். நாம் கையில் எடுத்துப்போவது பி.வி.சி. குழாய்க்குள் பிஸ்டன் வைத்த உறிஞ்சு பம்பு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நேரத்தில் ஓட்டையின் மேல் குழாயை வைத்து அழுத்தி, கைப்பிடியை இழுத்து, வந்த சேற்றைச் சல்லடையில் கொட்டி அலசுவோம். முக்கால்வாசி நேரம் சேறு மட்டும் வரும். இறால் வந்தாலும், பயத்தில் பெரிய கொடுக்கைத் தானே கழற்றிவிட்டு வரும். எதை வைத்து அடையாளம் சொல்லவேண்டுமோ அதை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வருகிற பிராணி! கூடவே சின்ன நண்டு, உளுவை மாதிரி மீன், சிப்பி என்று அதன் குடித்தனக்காரர்களும் வருவார்கள். இறாலின் செவுள் அறைப் பக்கம் ஒரு பக்கமாக வீங்கியிருந்தால் உள்ளே ஒட்டுண்ணி இருக்கிறது என்று அர்த்தம். அதையும் பத்திரப்படுத்துங்கள், அதுவும் புதிதாக இருக்கலாம்.

வளையின் உருவம் வேண்டுமானால் உள்ளே பிசின் ஊற்றி, இறுகிய பிறகு தோண்டி எடுப்பார்கள். ஆள் சிக்காமல் வீட்டின் அச்சு மட்டும் கிடைத்த கதைகள் ஏராளம்.

சாப்பிடலாமா?
– வாசகர், ராயபுரம்

கூடை நிறையப் பிடித்தாலும் தொக்குக்குத் தேறாது. ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் தூண்டிலில் மாட்டுகிறார்கள். அதில் விழும் மீனைச் சாப்பிடலாம்.

டி.என்.ஏ. பார்த்தால் ஒரு நாளில் முடிகிற வேலைக்கு, நுண்ணோக்கியில் உட்கார்ந்து கால்மயிரை எண்ணுவது எதற்கு?
– மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்

ஒரு நாளில் முடியாது தம்பி. முடிந்தாலும், உங்கள் இறாலின் வரிசையை எதோடு ஒப்பிடுவீர்கள்? நூறு வருஷத்துக்கு முந்தைய மாதிரிகளில் பல ஃபார்மலினில் கிடந்தவை, அவற்றிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பெரும் பாடு. புதைபடிவமாகக் கிடைப்பது அனேகமாகக் கொடுக்கு மட்டும். அங்கெல்லாம் கண்ணும் கையும்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். வளை தோண்டும் இந்த இறால்களை எல்லாம் தலாசினிடியா என்று ஒரே கூட்டமாக வைத்திருந்தார்கள். இப்போது ஆக்ஸிடியா, ஜெபிடியா என்று இரண்டு. இரண்டு தனி வம்சங்கள் தனித்தனியே சேற்றுக்குள் இறங்கி, ஒரே மாதிரி வாழ்க்கையால் ஒரே மாதிரி உடம்பு பெற்றவை. டி.என்.ஏ. இதை உறுதி செய்தது வாஸ்தவம். ஆனால் பிரான்ஸின் மிஷெல் த சேன் லோரான் உறுப்புகளைப் பார்த்தே 1979-ல் இரண்டாகப் பிரித்துவிட்டார்.

அதே சமயம், டி.என்.ஏ. வேண்டாம் என்கிற பழங்கட்சியில் நான் இல்லை. இன்றைக்கு ஒரு பேரினத்தைப் புதிதாக நிறுத்துகிறவர், அதன் சொந்தங்கள் வம்ச மரத்தில் எந்தக் கிளை என்று காட்டாமல் போனால் நானே கேள்வி கேட்பேன். மாதிரி புதிதாகக் கிடைக்கும்போது இரண்டையும் செய்ய வேண்டியதுதானே?

ஆராய்ச்சி மாணவி நான். என் கையில் இருக்கும் வளை இறால் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்து என்ன செய்யட்டும் மேடம்?
– மாணவி, தாம்பரம்

முதலில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதேம்மா. முறையான விவரிப்புக்கு முன்னால் பெயர் மட்டும் வெளியே போனால் அது செல்லாத பெயர், வீண் குழப்பம்.

உயிரோடு இருக்கும்போதே வண்ணப் படம் எடுத்துவிடு, சாராயத்தில் போட்ட மறுநாளே எல்லாம் வெளுத்துவிடும். ஃபார்மலின் பக்கமே போகாதே, 95 சதவீத எத்தனாலில் வை. இடம், நாள், ஆழம், மண் எப்படி என்பதைப் பென்சிலால் தடித்த காகிதத்தில் எழுதி, ஜாடிக்கு உள்ளேயே போடு. வெளியே ஒட்டிய சீட்டு உதிரும், பேனா மை கரையும். பிடித்த இடத்தைச் சுற்றியுள்ளவர்களிடம் கேட்டு இன்னும் சில மாதிரிகள் தேடு, ஆணும் பெண்ணும் வேண்டும்.

வாய் உறுப்புகளையும் கால்களையும் ஒரு பக்கம் மட்டும் பிரித்தெடு. மறுபக்கம் அப்படியே இருக்கட்டும், உனக்குப் பின்னால் வருகிறவர் பார்க்க வேண்டும். பிரித்த துண்டுகளைச் சின்னக் குப்பியில் போட்டு அதே ஜாடிக்குள் வைத்துவிடு. நுண்ணோக்கியில் கேமரா லூசிடா இருந்தால் அதில் வரை. கண்ணாடி வழியாக மாதிரியும் தாளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும், பென்சில் நுனி தாடைக்காலின் விளிம்பிலேயே ஓடுவது போல இருக்கும். புகைப்படம் எல்லாவற்றையும் காட்டும். எது முக்கியம் என்பதை வரைந்தால்தான் காட்ட முடியும். வரையும்போது நீயே பத்து விஷயத்தைக் கவனிப்பாய்.

ஒரு மாதிரியை மூலமாதிரி, அதாவது பெயருக்கு ஆதாரமான மாதிரி, என்று குறிப்பிட்டு, அதை எங்கே வைக்கிறாய் என்றும் எழுத வேண்டும். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, புதிதாகக் கண்டதை அதற்கென்று அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒரு காப்பகம். அதன் கடல் உயிரியல் மண்டல மையம் நம் சாந்தோம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, போய்க் கேள். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் கட்டுரையில் ஜூபேங்க் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடு) பதிவு எண் இருக்கிறதா பார். 2012-லிருந்துதான் இணைய வெளியீடு செல்லும், அதுவும் இந்தப் பதிவோடு.

‘எந்தப் புத்தகத்திலும் இல்லை’ என்றாயே, ஹெண்டர்சனைப் பார்த்தாயா? 1893-ல் இந்தியக் கடல் நண்டு, இறால்களைப் பற்றி லண்டன் லின்னியன் சங்க வெளியீட்டில் எழுதியவர். மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரிப் பேராசிரியர். அப்போது கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்தது, உங்கள் தாம்பரத்துக்கு வந்தது 1937-ல். பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கண்காணிப்பாளராக இருந்தார். அவரைப் பார்க்காமல் ‘புதிது’ என்று சொல்லாதே.

பேரினத்துக்கு என் அம்மா பெயரை வைக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

தாராளமாக. தமிழ்ச் சொல்லையே வைக்கலாம், ரோமன் எழுத்தில் எழுதினால் போதும். விலங்குலகில் வேறு எந்தப் பேரினத்துக்கும், ஒரு வண்டுக்குக்கூட, அந்தப் பெயர் இருக்கக்கூடாது. செடிக்கு இருந்தால் பரவாயில்லை, செடிகளுக்குச் சட்டம் வேறு. சொந்தப் பெயரை வைத்துக்கொள்ள விதி தடுக்கவில்லை, நாலு பேர் சிரிப்பார்கள். லீச் என்ற ஆங்கிலேயர் 1814-ல் கலியனாசா என்று கிரேக்கக் கடல்கன்னி ஒருத்தியின் பெயரை வைத்தார். நான்கு வருஷம் கழித்து கரோலின், கரோலினா என்ற பெயர்களின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு சிரோலனா, நெரோசிலா, அனிலோக்ரா, கோனிலெரா என்று வரிசையாகப் பேரினங்கள் வைத்தார். மார்க்கெட்டில் வாங்கும் மீனின் உடம்பில் சில சமயம் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சி, அந்த நெரோசிலாவாக இருக்கலாம்.

இதனால் யாருக்கு என்ன லாபம்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மயிலாப்பூர்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வில்லாபா விரிகுடா என்று ஒன்று. அங்கே ஆளி என்ற சிப்பி வளர்ப்பவர்களுக்கு வளை இறால் விரோதி. மண்ணை ஓயாமல் கிளறி இளக்கிவிடுவதால் ஆளி புதைந்து செத்துப்போகிறது. 1963-லிருந்து பல வருஷம் கார்பரில் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். அங்கே இருப்பவை முக்கியமாக இரண்டு, இரண்டும் வேறு வேறு பேரினம். நியோட்ரிப்பியா மண்ணைப் புரட்டுகிறது. உபோஜெபியா உறுதியான வளையில் உட்கார்ந்து தண்ணீரை வடிகட்டுகிறது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஓட்டைதான். இதற்கு நடுவே உபோஜெபியா பல கழிமுகங்களில் தானாகவே குறைய ஆரம்பித்தது. செவுளில் ஆர்த்தியோன் கிரிஃபெனிஸ் என்ற ஒட்டுண்ணி. ஓரிகான் கரையில் கிடைத்ததை 2004-ல் புது இனமாக விவரித்தார்கள், பிறகு பார்த்தால் அது ஆசியக் கரையிலிருந்து போய்ச் சேர்ந்த விருந்தாளி. மாதிரிகளை வைத்து ஒப்பிட ஆள் இருந்ததால்தான் அது தெரிந்தது. லாப நஷ்டக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் சார்.

பேரினம் கண்டுபிடித்தால் பரிசு உண்டா?
– பள்ளி மாணவன், வியாசர்பாடி

கல்லூரியில் ஒரு சால்வை போர்த்துவார்கள். மற்றபடி, பெயருக்குப் பின்னால் உன் பெயரும் ஆண்டும் வரும். 1808-ல் மான்டகு என்பவர், இங்கிலாந்தின் டெவன் கரையில் கிடைத்த ஒரு வளை இறாலை அக்கால வழக்கப்படி கேன்சர் என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். அதைத்தான் லீச் கலியனாசாவுக்கு மாற்றினார். இன்றைக்கும் அதை ‘கலியனாசா சப்டெரேனியா (மான்டகு, 1808)’ என்றே எழுதுகிறோம். அடைப்புக்குறிக்குள் பெயர் இருந்தால், அவர் வைத்த பேரினத்திலிருந்து பிராணியை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்துகொள். ஆளை நீக்க முடியாது, அடைப்புக்குறி மட்டும்தான் போட முடியும்.