விமானப்படைத் தளத்தில் ஏர்மேன் வாழ்க்கை எப்படி இருக்கும்? அங்கே பணியாற்றியவர்கள் சொல்ல முடியுமா?

தம்பி அக்னிவீர் வாயுவாக (விமானப்படையில் 4 ஆண்டுப் பணி) தேர்வாகியிருக்கிறான், தளத்துக்குள் வாழ்க்கை எப்படி என்று இருந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா சரியாகச் சாப்பிடாமல் இருப்பார் என்று நினைக்கிறேன். 1984-இல் நான் கிளம்பியபோது என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏற்கெனவே வந்திருக்கும் பதில்கள் எல்லாமே விமானிகளைப் பற்றிப் பேசுகின்றன. உங்கள் தம்பி விமானியாகப் போகவில்லை. ஏர்மேன் என்றால் ஆபீசர் பதவிக்குக் கீழே உள்ள வீரர். நானும் விமானி இல்லை. 20 ஆண்டுகள் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தேன். பெரும்பகுதி மிக்-21 போர் விமானங்களோடு. கல்யாண வீடுகளில் 'ஏர் ஃபோர்ஸா, எந்த விமானம் ஓட்டினீர்கள்?' என்று கேட்பார்கள். தரையில் பராமரிப்பு வேலை என்றதும் அவர்கள் முகம் சுருங்கும். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. விமானிகளைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் ஏறிப் போகும் ஏணியை என் கையால் பிடித்திருக்கிறேன். அவர்களுடைய துணிச்சலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பெல்காமுக்கு அருகில் சாம்ப்ரா, பிறகு தொழிற்பயிற்சி. முதல் இரண்டு வாரம் ஊர் ஞாபகமாகவே இருக்கும். இந்தி தெரியாமல் திணறுவான். ஆறு மாதத்தில் இந்தியில் கனவு காண்பான். பெயரும் சர்வீஸ் எண்ணும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்றுதான் அவனுடைய சொத்து. என் பெட்டி இன்னும் பரண்மேல் இருக்கிறது.

பிறகு தளம். மேற்கு எல்லைப் பக்கத்துத் தளம் ஒன்றில்தான் அதிக காலம் இருந்தேன். பெயரை எழுதப் போவதில்லை. கோடையில் விடிவதற்குள் பறக்கத் தொடங்கிவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் இறக்கையைத் தொட்டால் கை பொசுங்கும். ஆகவே நாங்கள் மூன்றரை மணிக்கு எழ வேண்டும். இருட்டில் வரிசையாக சைக்கிள்கள் போகும், யாரும் பேசமாட்டார்கள். போனதும் முதல் வேலை, தோளோடு தோள் நின்று, குனிந்தபடியே விமானங்கள் நிற்கும் தரை முழுவதும் நடப்பது. ஒரு கல், ஒரு துண்டுக் கம்பி, ஒரு திருகு கிடந்தாலும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஜெட் எஞ்சின் காற்றோடு சேர்த்து அதையும் உறிஞ்சிவிட்டால் உள்ளே சுழலும் பிளேடுகள் சிதைந்துவிடும். ஓய்வு பெற்று 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் தெருவில் திருகு கிடந்தால் குனிந்து எடுத்துவிடுகிறேன்.

ஒரு விமானம் மேலே போவதற்கு முன் எஞ்சின், ஏர்ஃப்ரேம், எலெக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்ட், ரேடியோ, ஆயுதம் என்று ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் அதைச் சோதிப்பார். ஏர்ஃப்ரேம் என்றால் உடல், சக்கரம், ஹைட்ராலிக்ஸ் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பாகங்கள்), பிரேக். மிக்-21 இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் தரையைத் தொடும். வால்பக்கமிருந்து பாராசூட் விரிந்து அதை இழுத்து நிறுத்தும். சக்கர பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்யும். இதில் எது பிசகினாலும் ஓடுபாதை போதாது. சோதித்து முடித்ததும் ஃபார்ம் 700 என்ற ஏட்டில் அவரவர் பகுதியில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே விமானி கையெழுத்துப் போட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். 'இந்த இயந்திரத்தில் நீ போகலாம்' என்று எழுதிக் கொடுப்பதுதான் அந்தக் கையெழுத்து. தளத்து வாழ்க்கை எப்படி என்று கேட்டால், சாப்பாடு, பரேடு, வெயில் எல்லாம் அப்புறம்தான். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஏடுதான்.

1990-களின் நடுப்பகுதி. நான் கார்ப்பரல். அன்று காலை நான்கு விமானங்கள் போயின. அதில் ஒன்றுக்கு ஏர்ஃப்ரேம் கையெழுத்து என்னுடையது. இளம் ஃப்ளையிங் ஆபீசர் ஒருவர், என்னைவிடச் சின்னவர், ஏறினார். பெல்ட் மாட்ட உதவினேன். மூக்கு முனையில் நீட்டிக்கொண்டிருக்கும், பறக்கும் வேகத்தை அளக்க உதவும் பிட்டாட் குழாயின் சிவப்பு உறையைக் கழற்றியதைக் காட்டினேன், கட்டைவிரலை உயர்த்தினார். கண்ணாடி மூடியது. சக்கரக் கட்டைகளை இழுத்தோம். போய்விட்டது.

மிக்-21 நெடுநேரம் மேலே இருக்கும் விமானம் இல்லை. முக்கால் மணிக்குள் திரும்பிவிடும். அதுவரை தரையில் இருப்பவர்கள் தேநீர் குடிப்போம், பேசுவோம். ஆனால் காது மட்டும் வானத்தில் இருக்கும். முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. நான்காவதுக்குப் பதிலாக, தளத்தின் மறுபக்கத்திலிருந்து சேத்தக் ஹெலிகாப்டர் அவசரமாக எழும்பிப் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு பார்ப்பதைத் தவிர்த்தார்கள். காலி இடத்தில் ஏணி நின்றுகொண்டிருந்தது. சக்கரக் கட்டைகள் இழுத்துப் போட்ட இடத்திலேயே கிடந்தன. பிட்டாட் உறை என் கையில் இருந்தது.

கால் மணி நேரத்தில் எஞ்சினியரிங் ஆபீசர் வந்து ஃபார்ம் 700-ஐயும் மற்ற ஆவணங்களையும் எடுத்துப் பூட்டி சீல் வைத்தார். எரிபொருள் நிரப்பிய வண்டிக்கு சீல். ஆக்ஸிஜன் டிராலிக்கு சீல். இது விதிப்படி நடப்பது. யாரையும் குற்றவாளியாக்க அல்ல. எனக்கு அது தெரியும். தெரிந்தும் முழங்கால் நடுங்கியது. விமானி பாராசூட்டோடு குதித்துவிட்டார், உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி வருவதற்கு இன்னும் நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி என்னால் அதிகம் எழுத முடியவில்லை.

குடியிருப்பில் என்ன நடந்தது என்று மாலையில்தான் தெரிந்தது. வெளியாட்களுக்கு ஜெட் சத்தம்தான் தொந்தரவு. உள்ளே இருப்பவர்களுக்குச் சத்தம் நின்றால்தான் பயம். நாள் முழுவதும் பறக்க வேண்டிய நாளில் ஒன்பது மணிக்கு வானம் அமைதியானால் எல்லாப் பெண்களுக்கும் புரிந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். எந்தத் தெருவுக்குள் ஆபீசர்களின் ஜீப் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். தரைப்பணிக்காரன் மனைவிக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் அன்று அந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டேனா இல்லையா என்பதுதான் அவளுடைய பயம். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

விசாரணை முடியும்வரை விமானத்தைத் தொட விடவில்லை. கருவி அறையில் ஸ்பேனர்களை எண்ணி அடுக்கும் வேலை கொடுத்தார்கள். ஒன்பது நாள். வாக்குமூலம் எடுத்தார்கள்: எத்தனை மணிக்குச் சோதித்தாய், எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாய், டயர் அழுத்தம் என்ன. பதில் எல்லாம் சொன்னேன். இரவு படுத்தால் மட்டும் கேள்வி வேறு மாதிரி வரும். வலதுபக்கத்துத் தகட்டின் கடைசித் திருகை இறுக்கினேனா? இறுக்கினேன். அது இன்றைய நினைவா, நேற்றைய நினைவா? ஒரே வேலையை வருடக்கணக்கில் செய்கிறவனுக்கு நாட்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். எந்தத் திருகு எந்த நாளுடையது என்று பிரிக்க முடியாது.

பறவை மோதியதுதான் காரணம். எஞ்சினின் சிதைந்த பிளேடுகளில் அதற்கான தடயம் கிடைத்தது. மிக்-21-க்கு ஒரே எஞ்சின். அது இப்படிச் சிதைந்து நின்றால் பெரும்பாலும் குதிப்பதைத் தவிர வழியில்லை. இதை யாரும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லவில்லை. பத்தாம் நாள் காலை, பலகையில் ஒட்டியிருந்த பணிப்பட்டியலில் என் பெயர் இருந்தது. அவ்வளவுதான். அன்று எனக்குக் கிடைத்த முதல் விமானத்தை மூன்று முறை சுற்றி வந்தேன். கையெழுத்துப் போடுமிடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்த வாரண்ட் ஆபீசர் அவசரப்படுத்தவில்லை.

அந்த விமானிக்கு முதுகெலும்பில் அடி, மாதக்கணக்கில் ஓய்வு. தேறி வந்ததும் நேராக இருக்கைப் பிரிவுக்குப் போய், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் குதிக்கும் இருக்கையைப் பராமரித்தவர்களுக்கு இனிப்புப் பெட்டி கொடுத்தாராம். நியாயம்தான், அவரைக் காப்பாற்றியது அவர்கள் வேலை. பிறகு ஒருநாள் நான் சோதித்த விமானத்துக்கே அவர் வந்தார். ஏட்டைப் புரட்டி என் கையெழுத்தைப் பார்த்தார். "அன்றைக்கும் நீதானே?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். வேறெதுவும் கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

'பறக்கும் சவப்பெட்டி' என்று மிக்-21-ஐச் சிலர் எழுதும்போது எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும். கணக்கை மறைக்க வரவில்லை. 872 மிக் விமானங்களில் 482 விபத்துகளில் போயின, 171 விமானிகள் இறந்தார்கள் என்று 2012-இல் பாதுகாப்பு அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். சின்ன எண் இல்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது, தினமும் அதைப் பறக்கத் தகுந்ததாக்கிக் கையெழுத்துப் போட்டவர்களைச் சவப்பெட்டி செய்கிறவர்கள் என்று சொல்கிறீர்கள். மதில் சுவருக்கு வெளியே இறைச்சிக் கழிவைக் கொட்டிப் பருந்துகளை வரவழைத்தவர்களை யாரும் எதுவும் சொல்வதில்லை. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள், பறவைகளை ஈர்க்கும்படி குப்பை கொட்டக் கூடாது என்று விமான விதிகளிலேயே இருக்கிறது. விமானத் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் சொந்தக்காரர்கள் என்னிடம் வாய்திறந்து கேட்டது ஒன்றே ஒன்று: மிலிட்டரி கேன்டீனில் மது பாட்டில் வாங்கித் தர முடியுமா? நான் குடிப்பதில்லை. என் ஒதுக்கீட்டை யாருக்கும் வாங்கித் தருவதும் இல்லை. அது விதிக்கு விரோதம். இதனாலேயே ஒரு மைத்துனர் பேச்சை நிறுத்தி எட்டு வருடம் ஆகிறது. 20 வருடம் எங்கே இருந்தாய், என்ன செய்தாய் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. உங்கள் தம்பி விடுமுறையில் வரும்போது முதலில் அதைக் கேளுங்கள்.

விடுமுறை என்றதும் நினைவு வருகிறது. எங்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் விடுப்பு, அதோடு 30 நாள் தற்செயல் விடுப்பு. அக்னிவீருக்கு மொத்தமே 30 நாள். பணி 4 ஆண்டு. பிறகு நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் வரைதான். இந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்று இங்கே வாதாட விரும்பவில்லை. என் அனுபவத்தை அப்படியே அவனுக்குப் பொருத்தாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். என் கை விமானத்தில் உண்மையாகப் பழகுவதற்கே நான்கைந்து வருடம் ஆனது. அவன் அந்த 4 வருடத்தில் அஞ்சல்வழியில் ஒரு பட்டமாவது படித்து வைத்துக்கொள்ளட்டும். சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அம்மாவிடம் வாரம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் இன்லண்ட் கடிதம் போய்ச் சேரவே ஒரு வாரம் ஆகும்.

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுத்தார்கள். 1963-இல் முதல் படைப்பிரிவு அமைந்த அதே ஊர். தொலைக்காட்சிக்கு முன்னால் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேரன் பக்கத்தில் இருந்தான். ஒவ்வொரு பாகமாகக் காட்டிக்கொடுத்தேன். கடைசி முறையாக மேலே போயின. மனைவி சமையலறையில் இருந்தாள், திரையைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்தபடியே, "எல்லாம் இறங்கிவிட்டதா?" என்று கேட்டாள்.

இறங்கிவிட்டது என்றேன்.