வாசகர் கேள்வி பதில்: நெதர்லாந்தின் ஐஸல்மேர் ஏரியில் வாடகைப் பாய்மரப் படகு

கேள்வி: வெள்ளி மாலை எங்க்ஹாய்சனில் 10 மீட்டர் பாய்மரப் படகு எடுக்கிறோம். ஞாயிறு மாலை ஒப்படைக்க வேண்டும். நடுவில் எதிர்க்கரை ஊரான ஸ்டாவொரன் போய்வரலாமா? (வாசகி, உத்ரெக்ட்)

பதில்: போகலாம். ஆனால் போகிற நாளின் காற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள், திரும்புகிற நாளின் காற்றைப் பாருங்கள். தூரம் சுமார் 11 கடல் மைல், ஏறக்குறைய நேர் வடக்கு. அங்கே அடிக்கடி வீசும் தென்மேற்குக் காற்று போகும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும். இரண்டரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். அதே காற்றில் திரும்பினால் எதிர்முகம். வலமும் இடமுமாக மாற்றி மாற்றி வெட்டித்தான் ஏற முடியும். 11 மைல் 16 ஆகும், நான்கைந்து மணி நேரம் பிடிக்கும்.

ஏரிதானே என்பவர்கள் ஏமாறுவது அலையில்தான். 1932இல் அஃப்ஸ்லாய்ட்டைக் அணை கடலை மறித்ததால் உண்டான ஏரி இது. பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழமோ நாலரை மீட்டர்தான். காற்று ஓடிவர இடம் ஏராளம், ஆழம் மட்டும் இல்லை. அதனால் அலை நீண்டு உருளாது. குட்டையாக, செங்குத்தாக, மூச்சு விடவிடாமல் அடுத்தடுத்து வந்து மோதும். காற்றின் வலுவை அளக்கும் போஃபோர்ட் அளவில் 6, அதாவது 22 முதல் 27 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) காற்றில் ஒரு மீட்டரைத் தாண்டும்.

பாயை இறக்கிவிட்டு என்ஜினில் வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சின்ன டீசல் என்ஜின், ஒவ்வொரு மோதலுக்கும் வேகம் செத்துவிடும். அதைவிடப் பெரிய வம்பு, டாங்கின் அடியில் தங்கிய கசடு குலுக்கலில் கிளம்பி டீசல் ஃபில்டரை அடைப்பது. அது நடப்பது அமைதியான நாளில் அல்ல, என்ஜின் மிகவும் தேவைப்படும் நாளில். என்ஜின் ஓடினாலும் சுருக்கிய பெரிய பாய் மேலே இருக்கட்டும். சுருக்குவதைத் துறைமுகத்துக்குள்ளேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஞாயிற்றுக்குத் தென்மேற்கு 5 என்று முன்னறிவிப்பு இருந்தால் சனிக்கிழமையே திரும்புங்கள். 6 என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். எங்க்ஹாய்சன்–லெலிஸ்டாட் அணைக்குத் தெற்கே உள்ள மார்க்கர்மேர் ஏரியில் ஹோர்ன் ஊருக்குப் போய்விடுங்கள். அங்கும் அலை குட்டைதான், ஆனால் மேற்குக் கரையை ஒட்டிப் போனால் கரையே காற்றை மறைக்கும்.

ஒன்று விட்டுப்போயிற்று: ஸ்டாவொரனுக்குத் தெற்கே ஃப்ரௌவென்சண்ட் என்ற மணல்திட்டு. கரை தூரத்தில் தெரியும், தண்ணீர் பரந்து கிடக்கும், கீழே இடுப்பளவு ஆழம்கூட இராது. மிதவைகளுக்கு வெளிப்பக்கமாகவே போங்கள். படகை எடுக்கும்போதே ஆழமானி எதிலிருந்து அளக்கிறது என்று கேட்டுவிடுங்கள்: நீர்மட்டத்திலிருந்தா, கீலின் (படகின் அடியில் நீண்டிருக்கும் துடுப்பு) அடியிலிருந்தா? 2.0 என்று காட்டினால் ஒரு படகில் நிம்மதி, இன்னொன்றில் கீல் தரையை உரசப் போகிறது. இங்கே வற்று, ஏற்றம் கிடையாது. ஆனால் பலத்த காற்று நீரை எதிர்க்கரைக்குத் தள்ளும்போது காற்று வரும் பக்கத்துக் கரையில் ஆழம் குறையும்.

கேள்வி: உரிமம் வேண்டுமா?

பதில்: படகு 15 மீட்டருக்குக் குறைவு, வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாது என்றால் நெதர்லாந்துச் சட்டப்படி வேண்டாம். வாடகைக்குத் தருபவர் அனுபவச் சான்று கேட்கலாம், அது வேறு. படகில் வி.எச்.எஃப். வானொலிக் கருவி இருந்தால் அதை இயக்கத் தனிச் சான்றிதழ் தேவை.

கேள்வி: இரண்டு கம்பங்களுக்கு நடுவே படகை நுழைத்துக் கட்டச் சொல்கிறார்கள். குறுக்குக் காற்றில் எப்படி?

பதில்: வைப்புத்தொகை கரைவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் படகு கட்டுமிடத்தில் உள்ள அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்: பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் ஆள் உண்டு. ஃபெண்டர்களை (உரசலைத் தாங்கும் மெத்தைகள்) வெளியே தொங்கவிடாதீர்கள், கம்பத்தில் மாட்டி நிற்கும். உள்ளே போன பிறகு போடலாம்.

காற்று வரும் பக்கத்துக் கம்பத்தை ஒட்டி மெதுவாக நுழையுங்கள். கம்பம் நடுப்படகைக் கடக்கும்போது பின்பக்கக் கயிற்றை அதைச் சுற்றிப் போட்டு, முனையைத் திரும்பப் படகுக்கே கொண்டுவாருங்கள். கயிற்றைப் பிடித்திருப்பவர் கிளீட்டில் (படகில் கயிறு கட்டும் கொம்பு) ஒரே ஒரு சுற்றுப் போட்டுத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். முன்முனை பலகைத் துறைக்கு அரை மீட்டரில் இருக்கும்போது இறுக்கினால் படகு நிற்கும். கயிறு தண்ணீரில் தொங்கினால் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். துறையில் இறங்குபவர், குதிக்காமல், முதலில் கட்ட வேண்டியது காற்றுப் பக்கத்து முன்கயிறு. தாமதித்தால் முன்பகுதி பக்கத்துப் படகின் மேல் போய்ச் சாயும். காற்றில்லாப் பக்கத்துக் கயிறுகளை ஆற அமரக் கட்டலாம்.

கம்பத்தைத் தவறவிட்டால் பின்வாங்கி மறுபடி வாருங்கள். ஐந்து டன் படகைக் காலால் தடுக்க நினைத்தால் கால்தான் போகும்.

கேள்வி: மார்க்கர்மேரில் போகும்போது என்ஜின் எச்சரிக்கை ஒலி அடித்தால்?

பதில்: கோடையில் அங்கே நீர்ப்பாசியும் கொடியும் மண்டும், குளிர்விக்கும் நீர் வரும் வழி அடைபடும். வெளியேற்றுக் குழாயில் நீர் துப்புகிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். பாயில் போங்கள், அல்லது நங்கூரம் போடுங்கள். அந்த நீர் உள்ளே வரும் அடிவால்வை மூடி, வடிகட்டியைத் திறந்து கொடியை எடுத்துவிட்டு, மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா பார்த்து, வால்வைத் திறங்கள். பலர் மறப்பது இந்தக் கடைசி வேலையைத்தான். பிறகும் நீர் வராவிட்டால், வறண்டு ஓடிய பம்பின் ரப்பர் இதழ்கள் கிழிந்திருக்கும்.

கேள்வி: பாயில் போகும் படகுக்குச் சரக்குக் கப்பல் வழிவிடுமா?

பதில்: விடாது. 20 மீட்டருக்குக் குறைந்த படகு, பாயில் போனாலும், பெரிய கப்பலுக்கு ஒதுங்க வேண்டும் என்பதே அங்குள்ள உள்நாட்டு நீர்வழி விதி. ஆம்ஸ்டர்டாம்–லெம்மர் தடத்தில் நீண்ட சரக்குப் படகுகள் ஓயாமல் ஓடும். முன்னால் குறுக்கிடாமல் அவற்றின் பின்பக்கமாகக் கடங்கள்.

கேள்வி: கழிவறைத் தொட்டியை நடு ஏரியில் திறந்துவிடலாமா?

பதில்: கூடாது. உல்லாசப் படகுகளுக்கு 2009 முதல் தடை. துறைமுகங்களில் உறிஞ்சும் பம்பு இருக்கும். வாடகைப் படகுத் தொட்டி சிறியது. நான்கு பேர் என்றால் சனி மாலைக்குள் ஒருமுறை காலி செய்துவிடுங்கள்.