குளிக்க முடியாத அருவிக்கு 22 கிலோமீட்டர்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: மகன் கனடாவில் வின்னிபெக் நகரத்தில் வேலை பார்க்கிறான். ஜூலையில் எங்களை வரச் சொல்கிறான். "நயாகராவைத்தான் எல்லாரும் பார்க்கிறார்களே, உங்களைக் காட்டுக்குள்ளே யாருமே இல்லாத அருவிக்குக் கூட்டிப் போகிறேன், 22 கிலோமீட்டர் நடக்கணும்" என்கிறான். எனக்கு 56, அவருக்கு 63, முழங்கால் வலி வேறு. போகலாமா?

உங்கள் மகன் சொல்வது க்வாசிட்செவன் அருவியாகத்தான் இருக்கும். வின்னிபெக் இருக்கிற மானிடோபா மாகாணத்திலேயே உயரமான அருவி அது. எவ்வளவு உயரம் என்றால் சிரிப்பீர்கள், 14 மீட்டர் சொச்சம்தான். குற்றாலம் பேரருவி அதைவிட நாலு மடங்கு. இதைப் பார்க்க வின்னிபெக்கிலிருந்து ஆறாம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் போகணும், நம் பாரிமுனையிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரம். ஆனால் விக்கிரவாண்டியில் ஒரு டீ, திருச்சியில் ஒரு டிபன் என்கிற கணக்கெல்லாம் அங்கே கிடையாது. கிராண்ட் ராப்பிட்ஸ் என்று ஒரு சின்ன ஊர் வரும், அங்கே பெட்ரோலை நிரப்பிவிடச் சொல்லுங்கள், அதைத் தாண்டினால் மரம், ஏரி, மறுபடி மரம், அவ்வளவுதான்.

நடை வேண்டாம் அம்மா. போக 11, வர 11. பாதி இடங்களில் பாறை, மீதியில் வேர், அப்புறம் சேறு. நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கை மகனோடு போனேன், பெரம்பூரிலிருந்து மூலக்கொத்தளம் வரை தினமும் நடக்கிறவன்தானே என்கிற தைரியத்தில் கேன்வாஸ் ஷூவோடு கிளம்பி, மூன்றாவது கிலோமீட்டரில் இரண்டு சாக்ஸும் நனைந்து, போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆனது. அன்றைக்கே திரும்ப முடியாமல் கூடாரம் போட்டுப் படுத்தோம். முழங்கால் வலியோடு நடுக்காட்டில் உட்கார்ந்துவிட்டால் உங்கள் வீட்டுக்காரரைத் தூக்கி வர ஆள் இல்லை, போனில் சிக்னலும் இல்லை.

ஆனால் பயணத்தையே ரத்து செய்யாதீர்கள். அந்த நடைபாதை தொடங்குகிற இடத்திலேயே பிசூ என்று இன்னொரு அருவி இருக்கிறது, 13 மீட்டர். ஒரு மீட்டர்தான் குறைச்சல்! நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி வண்டியை நிறுத்தினால் மரப்பலகை பாதை, அதன் முடிவில் நின்று பார்க்க ஒரு மேடை. கொஞ்சம் தள்ளி ஆற்றுக்கு மேலே தொங்கு பாலம். பிசூ என்றால் அங்கத்திய பூர்வகுடிகளின் கிரீ மொழியில் லிங்க்ஸ், காதில் கறுப்பு முடிக்கொத்து நிற்கிற பெரிய காட்டுப்பூனை. கிராஸ் ஆறு அங்கே நேராக விழாமல் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிச் சரிகிறது, அந்தத் திருப்பத்தை நான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். நீங்கள் இரண்டு பேரும் இங்கே பாருங்கள், மகன் நண்பனோடு தனியாக ஒரு தடவை அந்தப் பக்கம் போய் வரட்டும்.

இன்னொன்று, ஜூலை வேண்டாம், செப்டம்பர் முதல் இரண்டு வாரம் கேளுங்கள். பூச்சி ஓய்ந்திருக்கும், பிர்ச் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். கோடையில் காட்டுத்தீ வேறு. 2025 மே மாதம் மானிடோபா முழுவதும் அவசரநிலை அறிவித்து 17,000 பேர் வரை வெளியேற்றினார்கள். எந்த மாதம் போனாலும் கிளம்புவதற்கு முந்தின நாள் தீ நிலவரத்தைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

காசிமேடு வாசகர்: அந்த அருவிகளின் படத்தைப் பார்த்தேன். தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி இருக்கிறது, கீழே நுரை வேறு. அங்கேயும் ஃபேக்டரி கழிவா?

எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர் வேறு எப்படிக் கேட்பார்! எனக்கும் முதலில் அதே சந்தேகம்தான். கையில் அள்ளிப் பார்த்தேன், வாடை இல்லை. உள்ளங்கையில் நிறமே தெரியவில்லை, ஸ்டீல் டம்ளரில் பிடித்தால் லேசான பொன்னிறம். அந்த ஊசியிலைக் காட்டில் பாதி நிலம் சதுப்பு. குளிரில் இலையும் பாசியும் சரியாக மக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடக்கும். அதன் வழியாக ஊறி வருகிற தண்ணீர், டீத்தூளில் வெந்நீர் ஊற்றின மாதிரி டானின் என்கிற துவர்ப்புச் சத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. கரைந்திருக்கிற அந்தச் சத்துகளை அருவி அடித்துக் கலக்குவதால்தான் நுரை. நாம் கொசஸ்தலை முகத்துவாரத்தில் பார்க்கிற நுரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதற்காக அப்படியே குடித்துவிடக் கூடாது. பீவர் போன்ற பிராணிகளால் ஜியார்டியா என்கிற கிருமி தண்ணீரில் கலந்திருக்கும், வயிற்றைக் கலக்கிவிடும். கொதிக்க வைத்துத்தான் குடிக்கணும்.

வண்ணாரப்பேட்டை வாசகி: தம்பி இந்த மாதிரி ஒரு காட்டுக்குப் போகிறான். எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் என்ன வாங்கிக் கொடுத்து அனுப்பலாம்?

ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. ஜூலையிலும் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். எம்.சி. ரோட்டில் வெளிர் நிறத்தில், முழுக்கையில், சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் சட்டை இரண்டு எடுங்கள். வெளிர் நிறம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அங்கே இருக்கிற கறுப்பு ஈ. கறுப்பு, கருநீலம் பார்த்தால் தேடி வரும். நம் கொசு தேங்கின தண்ணீரில் முட்டையிடும், பெரும்பாலும் ராத்திரிதான் தொல்லை. இந்த ஈயின் புழுக்கள் ஓடுகிற தண்ணீரில் பாறையைக் கவ்விக்கொண்டு வளர்கிறவை, ஆகவே அருவி கிட்ட வர வரத்தான் கூட்டம் அதிகம், கடிப்பதும் பட்டப்பகலில். கடிக்கும்போது ஒன்றும் தெரியாது. நான் காதுக்குப் பின்னால் எதுவோ பிசுபிசு என்கிறதே என்று தொட்டால் விரலில் ரத்தம், மறுநாள் காது வடை மாதிரி வீங்கியிருந்தது. வியாசர்பாடி கொசுவுக்கே பயப்படாதவன் என்று பீற்றிக்கொண்டு போனவன் நான். தலையை மூடுகிற வலைத்தொப்பியை அங்கேயே வாங்கச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை வாசகர்: கரடி வந்தால்?

கறுப்புக் கரடி உண்டு. பேசிக்கொண்டே நடந்தால் பெரும்பாலும் அதுவே விலகிப் போய்விடும். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், புளியோதரை வாசனைக்கு எங்கள் தெரு நாயே வரும். கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, அங்கே வாங்கி அங்கேயே விட்டுவிட்டு வரணும். ஆபத்தில் உதவி கேட்கிற செயற்கைக்கோள் கருவியும் அப்படித்தான். வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். அனுமதி இல்லாமல் அதைச் சென்னை விமான நிலையத்தில் கொண்டுவந்து இறங்கினால் கரடியே தேவலை.

ராயபுரம் வாசகர்: எல்லாம் சரி, அருவியில் குளிக்கலாமா?

கூடாது. அந்த இழுப்பில் கால் நிற்காது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்க அது ஐந்தருவி இல்லை. பதினொரு கிலோமீட்டர் நடந்து சேர்ந்ததும் பழக்க தோஷத்தில் நானும் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன், தங்கை மகன் ஒன்றும் சொல்லாமல் வாங்கி மறுபடி பையில் வைத்துவிட்டான்.