பத்திரத்தை முதலில் பாருங்கள்: ஆங்கிலேயப் பிரபு வீட்டுக் கல்யாணங்கள் பற்றிக் கேள்வி பதில்

16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபு குடும்பத்துப் பெண்கள் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார்கள், அதன் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். எட்டாம் ஹென்றியின் மனைவிகளைப் பற்றி வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். அவர்களை விட்டுவிடுவோம்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): கல்யாணமான பெண்ணுக்குச் சொத்தே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் அந்தக் காலத்துப் பணக்கார விதவைகள் எங்கிருந்து வந்தார்கள்?

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பொதுச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே ஆள், அந்த ஆள் கணவன். இதற்குக் 'கவர்ச்சர்' என்று பெயர். மனைவியின் பணம், நகை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் கல்யாணத்தன்றே அவனுடையதாகிவிடும். அவள் பெயரில் நிலம் இருந்தால் அதன் வருமானமும் அவன் கைக்குத்தான். அவன் சேராமல் அவள் வழக்குப் போட முடியாது.

கணவன் இறந்ததும் நிலைமை மாறும். அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம். இதுதான் விதவைப் பங்கு. ஆனால் பெரிய குடும்பங்கள் இதை விரும்பவில்லை. கல்யாணத்துக்கு முன்பே இன்னின்ன பண்ணைகள், வருடத்துக்கு இவ்வளவு வருமானம் என்று எழுதிவைத்துவிடுவார்கள். அது 'ஜாயிஞ்சர்'. 1536ஆம் வருடத்துச் சட்டத்துக்குப் பிறகு, கல்யாணத்துக்கு முன்பே ஜாயிஞ்சர் எழுதப்பட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கைக் கேட்க முடியாது. அதனால்தான் எந்தப் பெண்ணின் கதையைக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்றுதான்.

கேள்வி: 12 வயதிலேயே கட்டிக்கொடுத்துவிடுவார்களாமே?

சட்டம் இடம் கொடுத்தது, பெண்ணுக்கு 12, பையனுக்கு 14. சிலர் அப்படிச் செய்தார்கள். ஆனால் பிரபு வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டித்தான் கல்யாணம் செய்தார்கள். சாதாரண மக்கள் வீட்டில் இன்னும் தாமதம், இருபத்தைந்தை ஒட்டி. வேலைக்குப் போய்ச் சேர்த்துத்தான் அவர்கள் குடும்பம் தொடங்க முடியும்.

தகப்பன் சீக்கிரம் இறந்த வீடுகளில்தான் சின்ன வயதுக் கல்யாணங்கள் அதிகம். அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்து வாரிசு மைனராக இருந்தால், அந்தப் பிள்ளையின் பாதுகாப்பும், யாருக்குக் கட்டிவைப்பது என்ற உரிமையும் அரசருக்குப் போகும். அரசர் அதை விற்பார். கேத்தரின் வில்லோபியை அப்படித்தான் சஃபோக் டியூக் சார்லஸ் பிராண்டன் வாங்கினார், தன் மகனுக்குக் கட்டிவைக்க. 1533இல் பிராண்டனின் மனைவி இறந்தார். சில மாதங்களிலேயே அவர் தானே கேத்தரினைக் கட்டிக்கொண்டார். அவளுக்கு வயது 14, அவருக்கு ஐம்பதை நெருங்கியது.

கேள்வி: ஹார்ட்விக் பெஸ் நான்கு புருஷன்களை வைத்துச் சொத்துச் சேர்த்த பேராசைக்காரி என்று படித்தேன். சரிதானா?

சரியில்லை. இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பெஸ் டெர்பிஷயரில் ஒரு சிறிய நிலக்கிழார் வீட்டில் 1527 வாக்கில் பிறந்தவர். முதல் கணவன் ராபர்ட் பார்லி சிறுவனாகவே 1544இல் இறந்தான். சட்டப்படி வரவேண்டிய விதவைப் பங்கைக் கணவன் வீட்டார் தர மறுத்தார்கள். பதின்வயதுப் பெண், கையில் ஒன்றுமில்லை, வழக்காடித்தான் வாங்கினார். அந்த வழக்கில் கற்றதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1547இல் சர் வில்லியம் கேவண்டிஷ். பத்து வருடத்தில் எட்டுக் குழந்தைகள், ஆறு பிழைத்தன. 1549இல் 600 பவுண்டுக்கு சாட்ஸ்வொர்த்தை வாங்கினார்கள். நிலங்களை இருவர் பெயரிலும் எழுதியதுதான் இதில் முக்கியம். 1557இல் கேவண்டிஷ் இறந்தபோது அரசுக் கஜானாவுக்கு 5,000 பவுண்டுக்கு மேல் பாக்கி. பத்திரத்தில் பெஸ்ஸின் பெயரும் இருந்ததால்தான் சாட்ஸ்வொர்த் கையைவிட்டுப் போகவில்லை. அடுத்து சர் வில்லியம் செயின்ட் லோ. நான்காவதாக ஷ்ரூஸ்பரி ஏர்ல் (உயர்ந்த பிரபுப் பட்டம் அது) ஜார்ஜ் டால்பட், நாட்டின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். அந்தக் கல்யாணத்தின்போது 1568இல் பெஸ்ஸின் இரண்டு பிள்ளைகளை டால்பட்டின் இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டிவைத்தார்கள். பெஸ்ஸின் மகள் மேரிக்கு வயது 12. அது எனக்குப் பிடிக்காத காரியம், மறைக்கவில்லை. ஆனால் அதையே செய்த ஆண்களை யாரும் பேராசைக்காரன் என்று எழுதுவதில்லை. குடும்பத்தை உயர்த்தியவர் என்கிறார்கள்.

கேள்வி: ஆன் பொலினுக்கு நிஜமாகவே ஆறு விரலா?

ஹென்றியின் மனைவிகளைப் பற்றிப் பேசவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (பெஸ் பற்றிக் கேட்டவர் மீண்டும்): நீங்கள் அவருக்கு வக்கீல் போலப் பேசுகிறீர்கள் அக்கா. செயின்ட் லோவின் மகள்களுக்கு ஒரு காசு கிடைத்ததா?

இது நியாயமான அடி, ஏற்றுக்கொள்கிறேன். செயின்ட் லோ சொத்து முழுவதையும் பெஸ்ஸுக்கே எழுதிவைத்தார். முதல் தாரத்து மகள்களை விட்டுவிட்டார், அவருடைய தம்பி வழக்குத் தொடுத்தார். அந்தப் பெண்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் உயில் எழுதியது செயின்ட் லோ. நன்றாக எழுதப்பட்ட ஒரு பத்திரம் ஒரு பெண்ணைத் தூக்கிவிடும்போது இன்னொரு பெண்ணைத் தள்ளிவிடவும் முடியும், இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் தம்பி.

கேள்வி: அங்கேயும் வரதட்சணைதானா?

பெண் வீட்டார் பணம் கொடுத்தார்கள், அதற்குப் 'போர்ஷன்' என்று பெயர். பெரும்பாலும் மாப்பிள்ளையின் தகப்பன் கைக்குப் போகும். பதிலுக்கு மாப்பிள்ளை வீடு ஜாயிஞ்சர் எழுதித்தர வேண்டும். இரண்டுக்கும் விகிதம் பார்த்துப் பேரம் பேசுவார்கள். பதிலுக்கு எழுதித்தரும் அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு ஒப்பிட்டால் தப்பாகப் போய்விடும்.

கேள்வி: விவாகரத்து உண்டா?

பிரிந்து வாழத் தேவாலய நீதிமன்றம் அனுமதிக்கும், மறுமணம் கிடையாது. கல்யாணமே செல்லாது என்று தீர்ப்பு வாங்கினால் மறுபடி கட்டலாம். 1613இல் ஃபிரான்சஸ் ஹோவர்டு எசெக்ஸ் ஏர்லிடமிருந்து அப்படித்தான் விடுபட்டார். 1670இல் ரூஸ் பிரபு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட்டு மறுமண உரிமை வாங்கினார். அந்த வழி பெரும் பணக்கார ஆண்களுக்கு மட்டும்.

கேள்வி (இன்னொருவர்): பெஸ்ஸை அவருடைய கணவர் ஷ்ரூஸ்பரியே திட்டினாரே. கூட வாழ்ந்தவர் சொன்னால் நம்ப வேண்டாமா?

ஷ்ரூஸ்பரியின் நிலைமையையும் பாருங்கள். 1569 முதல் 1584 வரை ஸ்காட்லாந்து அரசி மேரியைக் காவலில் வைத்திருந்தவர் அவர். அரசியோடு இருந்த அத்தனை பேருக்கும் சாப்பாடு, காவல், வேலையாட்கள். அரசாங்கம் கொடுத்த பணம் போதவில்லை. உடம்பு கெட்டது, மனமும் கெட்டது. 1584இல் ஆட்களோடு வந்து சாட்ஸ்வொர்த்தைப் பிடிக்கப் பார்த்தார். எலிசபெத் ராணியே தலையிட்டுச் சமாதானம் பேச வேண்டியிருந்தது. ராணியின் ஆட்கள் பார்த்ததும் பத்திரங்களைத்தான், அவை பெஸ் பக்கம் நின்றன. கோபத்தில் இருக்கும் கணவன் எழுதிய கடிதத்தை மட்டும் வைத்து ஒரு பெண்ணை எடைபோட வேண்டாம்.

கேள்வி: காதல் கல்யாணமே கிடையாதா?

உண்டு. இரண்டு கேத்தரின்களைச் சொல்கிறேன்.

கேத்தரின் கிரே, சில நாள் மட்டும் ராணியாக இருந்த ஜேன் கிரேயின் தங்கை, சிம்மாசனத்துக்கு மிக அருகில் இருந்தவர். 1560 டிசம்பரில் ஹெர்ட்ஃபோர்டு ஏர்லை ராணிக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டார். சாட்சி ஒரே ஒருத்தி, மாப்பிள்ளையின் தங்கை ஜேன். சில மாதங்களில் ஜேன் இறந்துபோனார். மணம் செய்துவைத்த பாதிரியாரைத் தேடியும் கிடைக்கவில்லை. கணவர் எழுதிக்கொடுத்த பத்திரத்தைக் கேத்தரின் தொலைத்துவிட்டார். நிறைமாதத்தில் லண்டன் டவர் சிறை, அங்கேயே 1561இல் ஆண் குழந்தை. கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. காவலர்கள் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டதால் 1563இல் இரண்டாவது மகன். அதன் பிறகு கணவரோடு வாழ விடவே இல்லை. 1568இல் 27 வயதில் இறந்தார். இந்தக் கதையை எத்தனை தடவை படித்தாலும் அந்தத் தொலைந்த பத்திரம் வரும் இடத்தில் எனக்கு மனசு கனத்துப்போகும்.

இன்னொருவர் மேலே சொன்ன கேத்தரின் வில்லோபி. பிராண்டன் இறந்தார். 1551இல் வியர்வைக் காய்ச்சலில் இரண்டு மகன்களும் ஒரே நாளில் போனார்கள். அப்புறம் தன்னிடம் வேலைபார்த்த ரிச்சர்ட் பெர்ட்டியை, தானே தேர்ந்தெடுத்து, மணந்தார். முன்பே ஒரு கடிதத்தில், பிள்ளைகள் தங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுக்க விடாமல் கட்டிவைப்பதைவிடப் பெரிய தீங்கு இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தார். 14 வயதில் தனக்கு நடந்ததை நினைத்துத்தான் எழுதியிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: டிவி தொடரில் ஹென்றியின் மனைவி...

தொடரை வைத்துக் கேட்காதீர்கள். ஹென்றியின் மனைவிகளைப் பற்றி இதோடு இரண்டாவது கேள்வி.

கேள்வி: ஒரு பெண்ணாவது எதிர்த்து நின்று ஜெயித்தாரா?

ஆன் கிளிஃபோர்டு. கம்பர்லாந்து ஏர்லின் உயிரோடிருந்த ஒரே பிள்ளை. 1605இல் தகப்பன் இறந்தபோது நிலமெல்லாம் சித்தப்பாவுக்கு, மகளுக்கு 15,000 பவுண்டு என்று எழுதியிருந்தார். ஆனால் இரண்டாம் எட்வர்டு காலத்துப் பழைய பத்திரப்படி அந்த நிலங்கள், ஆணோ பெண்ணோ, நேர் வாரிசுக்குப் போக வேண்டியவை. தாயும் மகளும் பழைய ஆவணங்களைத் திரட்டி வழக்காடினார்கள்.

1609இல் ஆன் மணந்த டார்செட் ஏர்லுக்குக் கடன் அதிகம். அவருக்கு நிலம் வேண்டாம், பணம் போதும். விட்டுக்கொடு என்று நெருக்கினார். 1616இல் இரண்டு வயதுகூட ஆகாத மகள் மார்கரெட்டைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார். 1617இல் ஜேம்ஸ் அரசரே அழைத்து, என் தீர்ப்புக்குக் கட்டுப்படு என்றார். அறையில் பிரபுக்கள், நீதிபதிகள், கணவர் எல்லோரும் இருந்தார்கள். தன் குடும்ப நிலங்கள் இருந்த வெஸ்ட்மார்லந்தை விடமாட்டேன் என்று ஆன் மறுத்துவிட்டார். தீர்ப்பு சித்தப்பாவுக்குச் சாதகமாக வந்தது. ஈட்டுத்தொகை ஆனுக்கு அல்ல, அவர் கணவருக்கு. கவர்ச்சர் என்றால் என்ன என்று முதலில் கேட்ட மாணவி இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆன் கையெழுத்துப் போடவே இல்லை. சித்தப்பா போனார், அவர் மகனும் ஆண் வாரிசில்லாமல் 1643இல் போனார். நிலம் ஆனுக்கு வந்தது, வயது 53. வடக்கே போய் ஸ்கிப்டன், ஆப்பிள்பி, பிரூம் கோட்டைகளைப் பழுதுபார்த்து, 1676இல் இறக்கும்வரை ஆண்டார். 1616இல் தாயை வழியனுப்பிய சாலையோரத்தில் 1656இல் ஒரு தூண் எழுப்பினார். ஒவ்வொரு ஏப்ரல் 2ஆம் தேதியும் அங்கே ஏழைகளுக்குக் கொடுக்க 4 பவுண்டு ஒதுக்கிவைத்தார்.

ஜெயித்தார் என்றே சொல்வேன். ஆனால் நீதிமன்றம் ஜெயிக்கவைக்கவில்லை. அவர் எல்லோரையும்விட அதிக நாள் வாழ்ந்தார்.

கேள்வி (பெஸ் பற்றி முதலில் கேட்டவர்): கடைசியாக ஒன்று அக்கா. பெஸ்ஸும் ஷ்ரூஸ்பரியும் சேர்ந்தார்களா?

மனதளவில் இல்லை. 1590இல் ஷ்ரூஸ்பரி இறந்தார். விதவைக்கு வரவேண்டிய வருமானத்துக்காகப் பெஸ் மறுபடியும் சண்டை போட வேண்டியிருந்தது. இந்தத் தடவை எதிரே நின்றது கில்பர்ட், கணவரின் மகன், தன் மகள் மேரியின் கணவர். அதே வருடம்தான் புது ஹார்ட்விக் மாளிகையைக் கட்டத் தொடங்கி 1597இல் குடிபோனார். கோபுர உச்சிகளில் தன் பெயரின் முதல் எழுத்துகளைக் கல்லில் வெட்டி நிறுத்தினார், கீழே இருந்தே படிக்கலாம். 1608இல் இறந்தார். ஷ்ரூஸ்பரியின் கல்லறை ஷெஃபீல்டில், இவருடையது டெர்பியில்.