இடது கண்ணைக் காட்டிவிட்டு ஏற்காட்டுக்கு ஏற்றுங்கள்

கேள்வி: எங்கள் பெண் குதிரைக்கு 12 வயது. இரண்டு வருடமாக வலது கண் தெரியாது. சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்கு மாற்றப் போகிறோம். கொண்டை ஊசி வளைவு, குளிர், பனிமூட்டம் தாங்குமா? புது இடத்தில் மிரளுமா? இடது கண்ணிலும் சில நாளாக நீர் வடிகிறது. தூசி என்று நினைத்து வீட்டிலிருந்த சொட்டு மருந்தை விட்டோம். விற்றுவிடச் சொல்கிறார்கள். இணையத்தில் படித்ததெல்லாம் பயமுறுத்துகிறது.

பதில்: முதலில் லாரிக்காரரிடம் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஏற்காடு எங்கேயும் போய்விடாது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ‘நீர் வடிகிறது’தான் எனக்குக் கவலை.

தூசி என்றால் இத்தனை நாள் வடியாது. குதிரையை நிழலில் நிறுத்தி, எதிரே நின்று மேல் இமை முடியைப் பாருங்கள். நல்ல கண்ணில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வலி இருந்தால் கீழே சரிந்துவிடும். கண்ணைப் பாதி மூடுவது, வெளிச்சத்தில் கூசுவது, நீலம் பூத்தது போல மங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணுக்குள் வரும் அழற்சி அடங்கி அடங்கித் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பார்வையைக் கொண்டு போகும். எலிக்காய்ச்சல் கிருமியாலும் இது வரலாம். அமாவாசை, பௌர்ணமியால் இது வரும் என்று இணையத்தில் படித்திருந்தால் நம்பாதீர்கள்; அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

அந்தச் சொட்டு மருந்தின் பெயரைக்கூட எழுதவில்லையே! அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், சில நாளிலேயே கருவிழி கரைந்து ஓட்டை விழலாம். அதனால்தான் கால்நடை மருத்துவர்களான நாங்கள் முதலில் புண்ணைக் காட்டிக்கொடுக்கும் சாயத்தைக் கண்ணில் விட்டுப் பார்க்கிறோம். பச்சையாக ஒளிர்ந்தால் புண் இருக்கிறது என்று அர்த்தம்; ஸ்டீராய்டு பக்கமே போக மாட்டோம். மெடிக்கல் ஷாப்காரருக்கு இது தெரியாது. தும்பைச் சாறு, உப்புத் தண்ணீர் ஊதுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். அந்த மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கண்மணியை விரிய வைக்கும் அட்ரோபின் மருந்தை அவர் கொடுத்தால் அது நாள்கணக்கில் விரிந்தே கிடக்கும், வெயிலில் நிறுத்தாதீர்கள். அந்த மருந்து குடலையும் மந்தமாக்கலாம்; லத்தி போடுவது குறைந்தாலோ வயிற்றை உதைத்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். குளிரும் பனிமூட்டமும் ஒன்றும் செய்யாது. 20 வளைவிலும் வண்டி மெதுவாகப் போகட்டும்; தரையில் வழுக்காமல் மணல் பரப்பி, தலையை இறுக்கிக் கட்டாமல் விடுங்கள். பழகிய ஆள் பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தால் போதும்.

காலையிலேயே போய்ச் சேருங்கள். இறக்கியதும் அவிழ்த்து விடாதீர்கள். கயிற்றில் பிடித்து, இரண்டு பக்கமாகவும் வேலியோரம் சுற்றிக் காட்டுங்கள். பழைய தொட்டியையே ஓரிடத்தில் வைத்து, தண்ணீர் இருக்கும் இடத்தை மூக்கால் தொட வையுங்கள். அப்புறம் அதை நகர்த்தக் கூடாது. முள்கம்பி வேலியும், காபிச் செடிகளுக்கு நடுவே வெட்டிப் போட்ட சில்வர் ஓக் அடிக்கட்டைகளும்தான் அங்கே ஆபத்து. பள்ளம் இருக்கும் பக்கத்தை மூங்கில் வைத்து அடைத்துவிடுங்கள்.

ஒரு கண் போனதற்காக விற்க வேண்டியதில்லை. கூடவே வளர்ந்த ஆடு ஏதாவது இருந்தால், கழுத்தில் மணி கட்டி அதையும் லாரியில் ஏற்றுங்கள்; அந்தச் சத்தம் குதிரைக்குத் துணையாக இருக்கும்.